விழிதியூரில் ஊராட்சி இல்லாத 14 ஆண்டுகள்: இழப்பை எவ்வாறு அளப்பது?

விழிதியூரில் கடைசியாக ஊராட்சித் தேர்தல் நடந்தது 2006-ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிறந்த குழந்தை இன்று கல்லூரிக்குச் செல்லும் வயதில் இருக்கிறது. தம் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர் இருந்தார் என்பது அம்மாணவருக்குப் பிறர் சொல்லித் தெரிந்த செய்தியே. விழிதியூர் மட்டுமன்று, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் இதே நிலையில்தான் உள்ளன. 1968-இல் ஒரு தேர்தல்; 38 ஆண்டுகள் கழித்து 2006-இல் இன்னொன்று. 2011-இல் பதவிக்காலம் முடிந்தபின் அதிகாரிகளின் நிர்வாகம் தொடர்கிறது. 2021-இல் வாக்குப்பதிவு நாள் வரை அறிவிக்கப்பட்ட தேர்தல், இடஒதுக்கீட்டுச் சுழற்சி குறித்த வழக்குகளில் சிக்கி நின்றுபோனது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கான புள்ளிவிவரம் திரட்ட ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. தேர்தல்தான் வரவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 243-உ பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தக் கட்டளையிடுகிறது. 243-ஈ பிரிவு உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கீட்டை உறுதி செய்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் பட்டியல் சாதியினர் 15.7 சதவீதம். தேர்தல் இல்லாத ஒவ்வோர் ஐந்தாண்டும் தலித் தலைவர்கள் அமர்ந்திருக்க வேண்டிய நாற்காலிகள் காலியாக இருந்த ஐந்தாண்டு. இது உரிமை மறுப்பு. இதை நிறுவ எந்தக் கணக்கும் தேவையில்லை.

ஆனால் எதிர்த்தரப்பு வேறொரு கேள்வியைக் கேட்கிறது: 'தேர்தல் இல்லாததால் யாருக்கு என்ன குறைந்துவிட்டது? சாலை போடவில்லையா, குழாய் வரவில்லையா?' நம் தரப்பிலிருந்து இதற்கு வரும் பதில் பெரும்பாலும் சீற்றமாகவோ சில ஒளிப்படங்களாகவோ நின்றுவிடுகிறது. இருதரப்பும் செய்வது ஒரே பிழையைத்தான். அவர்கள் 2011-ஐயும் இன்றையும் ஒப்பிட்டு வளர்ச்சி என்கிறார்கள்; நாம் இன்றைய சேரியை இன்றைய ஊருடன் ஒப்பிட்டுப் புறக்கணிப்பு என்கிறோம். தேர்தல் நடந்திருந்தால் இதே தெரு எப்படி இருந்திருக்கும் என்பதை இவ்விரு ஒப்பீடுகளும் தொடவில்லை. காரணத்தையும் விளைவையும் இணைக்க முயலும் புள்ளியியல் முறைகள் அனைத்தும் இந்த 'நடந்திருந்தால்' என்னும் காணாத உலகத்தை நேர்மையாக ஊகிக்கும் வழிகளே. பொருளியல் மாணவர்களின் பாடநூலில் தேர்வுக்கான அத்தியாயமாக முடங்கிக்கிடக்கும் இவற்றை இயக்கங்கள் கையிலெடுக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. அம்பேத்கரே இதைச் செய்தவர். நிலத்துண்டுகள் சிறுத்ததுதான் இந்திய வேளாண்மையின் நோய்க்குக் காரணம் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிறு நிலத்தைப் பற்றிய தம் 1918 கட்டுரையில் அவர் அந்தக் காரணத்தையே கேள்விக்குள்ளாக்கினார். துண்டின் அளவு அல்ல, அதில் ஈடுபடுத்த முதலும் கருவியும் இல்லாததும், நிலத்தின்மீது தேவைக்கு மிஞ்சிய மக்கள் சார்ந்திருப்பதுமே சிக்கல் என்றார்.

காணாத உலகத்தை மிகத் தெளிவாகக் காட்டிய இந்திய ஆய்வு சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகியோருடையது. 2007-இல் வெளியான அவ்வாய்வில், நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒத்திருக்க, பெயர் மட்டும் ஆதிக்க சாதிப் பெயராகவும் தலித் பெயராகவும் இசுலாமியப் பெயராகவும் மாற்றப்பட்டது. நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் ஆதிக்க சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தலித் பெயருக்குக் கிடைத்தது. இசுலாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 'தகுதி குறைவு' என்னும் வழக்கமான சாக்குக்கு அங்கே இடமே இல்லை, ஏனெனில் தகுதியை ஆய்வாளர்களே சமமாக்கிவிட்டனர். ஊராட்சியை இப்படி விண்ணப்பத்தாள்போல மாற்றி மாற்றி அனுப்ப முடியாது. வேறு வழி தேட வேண்டும். காரைக்காலுக்கு அந்த வழியை வரலாறே அமைத்து வைத்திருக்கிறது.

எல்லைக்கோடு தரும் ஒப்பீடு

காரைக்கால், கிழக்கே கடலும் மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடும் சூழ்ந்த நிலத்துண்டு. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பெற்ற ஊர்களால் உருவான எல்லை அது. அந்த எல்லை தலித் மக்களின் வாழ்நிலையைப் பார்த்து வரையப்பட்டதன்று. இருபுறமும் அதே காவிரிக் கடைமடை, அதே நெல், அதே ஊர்–சேரிப் பிரிவினை, எல்லை தாண்டிய கொள்வினை கொடுப்பினை. ஆனால் ஊராட்சித் தேர்தல் மட்டும் ஒரு பக்கம் நடந்தது, மறுபக்கம் நடக்கவில்லை.

கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் புனைந்தவை. எவ்வூரின் புள்ளிவிவரமும் அல்ல. காரைக்கால் பக்கத்துச் சேரி ஒன்றில் 2011-இல் நூற்றுக்கு 40 வீடுகளில் குழாய், 2021-இல் 60. எல்லைக்கு அப்பால் நாகை பக்கத்துச் சேரியில் 30 என்பது 65 ஆகிறது. அதிகாரி சொல்வார்: 'எங்கள் பக்கம் 20 உயர்ந்துவிட்டது.' உண்மை. நாகை பக்கம் 35 உயர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. காரைக்காலில் தேர்தல் நடந்திருந்தால் அங்கும் இதே அளவு உயர்ந்திருக்கும் என்று கொண்டால், 20-இலிருந்து 35-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது 15 வீடுகளின் இழப்பு. இன்றைய அளவை மட்டும் பார்ப்பவருக்கு 60-க்கும் 65-க்கும் இடையே வெறும் ஐந்துதான் தெரியும். 2011-இல் காரைக்கால் பத்து வீடுகள் முன்னே நின்றது என்பது அவர் கண்ணில் படாது. இதற்கு 'வேறுபாடுகளின் வேறுபாடு' என்று பெயர். டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1992-இல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, உயர்த்தாத பக்கத்துப் பென்சில்வேனியாவுடன் உணவகங்களை ஒப்பிட்டது இம்முறையில்தான். கூலி உயர்ந்தால் வேலை போகும் என்ற முதலாளிகளின் பாடம் அதில் ஆட்டங்கண்டது. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு ஊர், இரண்டு ஆண்டு என்பதை விரித்து எல்லையின் இருபுறமும் பல சேரிகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் ஒரு வரி என்று எழுதினால் அதுவே பேனல் தரவு. இதன்மீது நடத்தும் தொடர்புப் போக்கு ஆய்வில் ஒவ்வொரு தெருவையும் அதன் சொந்தச் சராசரியோடு மட்டுமே ஒப்பிடுகிறோம். அதனால் அந்தத் தெருவில் மாறாமல் நிற்கும் எல்லாமே கழிந்துவிடும். மண்வாகு, கடலிலிருந்து தொலைவு, பிரெஞ்சு ஆட்சியில் 1881-இல் வந்த ஆணையின்கீழ்த் தங்கள் சாதி வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வரலாறு ஆகியவை நமக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கணக்கைக் குழப்பா. இதனை நிலைத்த விளைவு முறை என்பர். அதேபோல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பொதுவான ஏற்ற இறக்கத்தைக் கழித்தால், மேட்டூர் திறக்காத ஆண்டும் மழை பொய்த்த ஆண்டும் இருபுறத்தையும் ஒரே அளவில் தாக்கியிருக்கும் வரை கணக்கைவிட்டு வெளியேறும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். புதுச்சேரியின் 12.48 இலட்சம் மக்களுக்கு 30 சட்டமன்ற உறுப்பினர்கள். அதாவது சுமார் 41,600 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டின் 7.21 கோடி மக்களுக்கு 234 பேர். சுமார் 3 இலட்சத்துக்கு ஒருவர். புதுச்சேரியில் சட்டமன்ற உறுப்பினரே பாதி ஊராட்சித் தலைவர் வேலையைச் செய்கிறார் என்று சொல்வது மிகையன்று. அப்படியெனில் ஒப்பீடு செல்லுமா? செல்லும், இந்த வேறுபாடு எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் இருந்தால். ஏனெனில் அதுவும் நிலைத்த விளைவுக்குள் அடங்கிவிடும். ஊராட்சி இல்லாமற்போனதால் சட்டமன்ற உறுப்பினரின் பிடி இறுகியது என்றால், அது நாம் அளக்க விரும்பும் விளைவின் ஒரு பகுதியே. அதைக் கழித்துவிடக் கூடாது.

ஒரு பக்கத்தில் மட்டும், இடையில் நிகழ்ந்த மாற்றங்களே உண்மையான ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காரைக்காலும் பாதிக்கப்பட்டது, ஆனால் தெற்கே அழிவு பன்மடங்கு. அதன்பின் அங்கே கட்டப்பட்ட வீடுகளை ஊராட்சித் தேர்தலின் பயன் என்று எழுதினால் நாம் பொய் சொன்னவர்களாவோம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு தந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பிரதேசங்களுள் புதுச்சேரியும் ஒன்று. எல்லா வரிசையிலும் 100 என்று எழுதிய கட்டத்தை வைத்து எந்த ஆய்வும் எதையும் சொல்ல முடியாது. அப்போது அளக்க வேண்டியது இணைப்பை அன்று. கோடையில் சேரிக் குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, ஊர்க் குழாயில் எத்தனை மணி நேரம் என்பதை. அந்தக் கட்டம் அரசுப் பதிவேட்டில் இல்லை.

இருபுறமும் விளக்கு எரிந்த காலம், இருபுறமும் அணைந்த காலம்

காரைக்கால் எல்லையை நாம் வெறும் உதாரணமாக எடுக்கவில்லை. இருபுறத்துத் தேர்தல் காலங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1996 முதல் 2016 அக்டோபர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் இருந்தன. பின் மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள். 2019 டிசம்பரில் நாகை உட்பட 27 மாவட்டங்களில் தேர்தல்; அவற்றின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள். காரைக்காலிலோ 2006 முதல் 2011 வரை மட்டும்.

ஆகவே 2006–2011 இருபுறமும் தலைவர்கள் இருந்த காலம். 2011–2016 அங்கே உண்டு, இங்கே இல்லை. 2016–2019 இருபுறமும் இல்லை. 2020–2024 மறுபடியும் அங்கே மட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி சேரிக்கு உண்மையிலேயே பயன் தந்திருந்தால், அங்கே மட்டும் தலைவர்கள் இருந்த இரு காலங்களிலும் இருபக்கக் கோடுகள் விலக வேண்டும். இருபுறமும் ஒத்திருந்த இரு காலங்களிலும் அவை இணையாகச் செல்ல வேண்டும். நான்கு காலங்களிலும் இப்படியே நடந்திருந்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது எளிதன்று. மாறாக, இருபுறமும் தலைவர்கள் இல்லாத 2016–2019-இலும் நாகை பக்கம் முந்திக்கொண்டே போயிருந்தால், நம் வாதம் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வித்தியாசத்துக்கு வேறேதோ காரணம். தோற்கக்கூடிய வகையில் வாதத்தை அமைப்பதால்தான் இதற்கு மதிப்பு.

ஒரு நுணுக்கம்: போட்ட சாலை தலைவர் போனபின்னும் இருக்கும். ஆகவே 'இருக்கிறதா' என்ற கட்டத்தை நிரப்பினால் அணைந்த காலமும் எரிந்த காலம்போலத் தோன்றும். அவ்வாண்டில் புதிதாக என்ன செய்யப்பட்டது, எது பழுது பார்க்கப்பட்டது என்பதை எழுத வேண்டும். வெவ்வேறு நேரத்தில் தொடங்கி முடியும் திட்டங்களைக் கணினியின் பழைய நிலைத்த விளைவுச் சூத்திரத்தில் கண்மூடிப் போட்டால் தவறான ஒப்பீடுகள் உள்ளே கலந்துவிடுகின்றன என்பதை ஆண்ட்ரூ குட்மன்-பேக்கன் முதலியோர் அண்மைய ஆண்டுகளில் விரிவாகக் காட்டியுள்ளனர். முதலில் நான்கு காலங்களையும் தனித்தனியே கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சூத்திரத்துக்குப் போவது நல்லது.

இன்னொரு பலவீனத்தையும் நாமே சொல்லிவிடுவோம். எல்லையின் இருபுறமும் நூறு சேரிகளை எடுத்தாலும், தேர்தல் நடத்துவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவை இரண்டே அரசுகள். நூறு தனித்தனிச் சான்றுகள் நம்மிடம் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டு மிகத் துல்லியமான முடிவு ஒன்றைக் கொடுக்கும். பெர்ட்ரண்ட், டஃப்லோ, முல்லைநாதன் ஆகிய மூவரும் 2004-இல், நடக்கவே நடக்காத கற்பனைச் சட்டங்களை அமெரிக்க மாநிலத் தரவுகளில் நுழைத்துப் பார்த்தனர். நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே தவறாக 'விளைவு உண்டு' என்று சொல்ல வேண்டிய முறை, 45 முறை வரை அப்படிச் சொன்னது. ஆகவே எல்லை ஒப்பீட்டிலிருந்து கிடைக்கும் எண்ணை அறுதித் தீர்ப்பாக நீதிமன்றத்தில் வைக்க முடியாது. வலுவான சான்றாக வைக்கலாம்.

ஊரின் சராசரிக்குள் சேரி மறைகிறது

இதுவரை சேரி, தெரு என்றே எழுதி வந்தோம். ஊர் என்று எழுதவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம விவரத் தொகுப்பு, வருவாய்க் கிராமம் முழுவதையும் ஒரே வரியில் எழுதுகிறது. விழிதியூரில் பள்ளி உண்டா, குழாய் உண்டா, தார்ச்சாலை உண்டா என்றால் உண்டு அல்லது இல்லை. ஊர்த்தெருவில் இருக்கும் ஒன்று, சேரிக்கும் இருப்பதாகவே அப்பதிவேட்டில் ஏறிவிடும். இந்தியக் கிராமம் என்பது ஒன்றல்ல, இரண்டு என்பதை அறிந்தவர்கள் நாம். தரவுக்கோ அது ஒன்றே. அஞ்சலி அடுகியா, சாம் ஆஷர், பால் நோவோசாட் முதலியோர் நாடு முழுவதும் 15 இலட்சம் குடியிருப்புப் பகுதிகளைத் தனித்தனியே பிரித்துச் செய்த ஆய்வில், பட்டியல் சாதியினரும் இசுலாமியரும் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகள் குறைவாக இருப்பது தெரியவந்தது. அந்த ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி ஒரே நகருக்குள், பகுதிக்கும் பகுதிக்கும் இடையே நிகழ்கிறது. மொத்தக் கணக்கில் அது புலப்படுவதில்லை.

அளவிடும் அலகையே தவறாக எடுத்துவிட்டால் எத்தனை நுட்பமான சூத்திரமும் உதவாது. ஊராட்சி மன்றம் இல்லாத காலத்தில் ஊரின் சராசரி மாறாமலே சேரியின் பங்கு மட்டும் சுருங்கியிருக்கலாம். அதிகாரி காட்டும் அறிக்கையில் ஒரு பொய்யும் இருக்காது. ஆயினும் அது சேரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பதிவான குற்றம், நடந்த குற்றம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 2021-இல் 50,900, 2022-இல் 57,582. புதுச்சேரியின் எண் மிகச் சிறியது. சிறிய எண்ணைக் காட்டி இங்கே சாதிக் கொடுமை இல்லை என்பாரும், பெரிய எண்ணைக் காட்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பாரும் உண்டு. எண் உயர்வதற்கு எதிரெதிரான இரு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதைப் பேனல் ஆய்வுகளே காட்டுகின்றன.

சுமிருதி சர்மா, 2001 முதல் 2010 வரையிலான மாவட்ட அளவிலான தரவுகளை நிலைத்த விளைவு முறையில் ஆராய்ந்தார். தலித், பழங்குடி மக்களின் நுகர்வுச் செலவு ஆதிக்க சாதியினரின் செலவை நெருங்கிய மாவட்டங்களில் அவர்களுக்கு எதிரான குற்றங்கள் கூடின. வன்முறைக் குற்றங்களில் இத்தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. தாழ்ந்து கிடந்தவர் நிமிர்ந்தால் அடி விழுகிறது. காவிரிப் படுகையில் இதற்குப் புள்ளியியல் தேவைப்படாத அளவுக்கு நினைவுகள் உண்டு. காரைக்காலில் இருந்து அதிகத் தொலைவில் இல்லாத கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான்.

மறுபுறம், லட்சுமி ஐயர், அனந்தி மணி, பிராச்சி மிஸ்ரா, பெட்டியா டோப்பலோவா ஆகியோரின் 2012 ஆய்வு, உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு ஆண்டில் நடைமுறைக்கு வந்ததைப் பயன்படுத்தியது. ஒதுக்கீடு வந்தபின் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு பெரிதும் உயர்ந்தது. குற்றம் பெருகியதால் அன்று, புகார் கொடுக்கும் துணிவும் அதைப் பதிவு செய்ய வைக்கும் ஆளும் கிடைத்ததால் என்பதே அவர்களின் முடிவு. இதைக் காரைக்காலுக்குப் பொருத்திப் பார்த்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத பிரதேசத்தில் பதிவு குறைவாக இருப்பது அமைதியின் அடையாளமாகவும் இருக்கலாம், காவல் நிலையத்துக்கு உடன்வர ஆளில்லாததன் அடையாளமாகவும் இருக்கலாம். மொத்த எண்ணிலிருந்து இதைப் பிரிக்க முடியாது. மறைக்கக் கடினமான கொலை போன்றவற்றையும், காவல் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்துப் பதிவாகும் இழிவுபடுத்தல், மிரட்டல் போன்றவற்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். இரண்டாவது வகை மட்டும் உயர்ந்தால் அது குரல் எழுந்ததன் குறி. முதல் வகையும் உயர்ந்தால் பழிவாங்கல். புகார் கொடுத்த நாளையும் முதல் தகவல் அறிக்கை பதிவான நாளையும் அருகருகே எழுதினால், இடைவெளியே ஒரு தரவாகும்.

ஒதுக்கீட்டால் பயன் இல்லையா?

சில ஆய்வு முடிவுகளை இடஒதுக்கீட்டு எதிர்ப்பாளர்கள் விரும்பி எடுத்தாளுகிறார்கள். அவற்றை நாம் படித்திருக்க வேண்டும். ரோகிணி பாண்டே 2003-இல் 16 பெரிய மாநிலங்களின் 1960–1992 காலத் தரவைக் கொண்டு, சட்டமன்றத் தனித்தொகுதிகள் கூடும்போது பட்டியல் சாதியினருக்கான அரசு வேலை ஒதுக்கீடும், பழங்குடியினருக்கான நலச் செலவும் உயர்ந்ததைக் காட்டினார். சட்டோபாத்யாயும் டஃப்லோவும் மேற்கு வங்கம், ராஜஸ்தான் ஆகியவற்றின் 265 ஊராட்சிகளில், குலுக்கல் போன்ற சுழற்சியால் பெண் தலைவர்கள் வந்த இடங்களில் குடிநீர் போன்ற பெண்களின் தேவைகளுக்கு முதலீடு கூடியதைக் கண்டனர். தமிழ்நாடு உட்பட நான்கு தென் மாநிலங்களில் பெஸ்லி, பாண்டே, ராவ் நடத்திய ஆய்வும், தனி ஊராட்சிகளில் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளுக்குப் பயன்கள் கூடுதலாகச் சென்றதைச் சொன்னது.

ஆனால் பிரான்செஸ்கா ஜென்சினியஸ் 1970-களில் தனித்தொகுதிகளான சட்டமன்றத் தொகுதிகளையும் அவற்றை ஒத்த பொதுத்தொகுதிகளையும் முப்பதாண்டு கழித்து ஒப்பிட்டபோது, வளர்ச்சிக் குறியீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தாட் டன்னிங்கும் ஜான்ஹவி நிலேகணியும் கருநாடக ஊராட்சிகளை, ஒதுக்கீட்டு வரம்புக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் நின்றவை என்று பிரித்து ஒப்பிட்டுப் பார்த்ததிலும் பயன்பங்கீட்டில் விளைவு பலவீனமாகவே இருந்தது.

இம்முடிவுகளைக் கண்டு நாம் பதற வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. தனித்தொகுதி உறுப்பினர் வெல்வதற்குத் தலித் அல்லாதாரின் வாக்கே பெரும்பாலும் தீர்மானம் என்பது 1932 பூனா ஒப்பந்தத்தின் நேரடி விளைவு. அவர் யாருக்குக் கடன்பட்டவராவார் என்று அம்பேத்கர் அன்றே எச்சரித்தார். ஜென்சினியஸின் முடிவு இவ்விளக்கத்தோடு பொருந்துகிறது. அந்த விளக்கத்தை அவ்வாய்வு நிரூபித்துவிட்டது என்று சொன்னால் மட்டும் நாமும் எல்லை மீறுகிறோம். மேலும் இவ்வாய்வுகள் அளப்பது தாளில் உள்ள ஒதுக்கீட்டின் விளைவை. 1997-இல் மேலவளவில் தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 2006 வரை பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் அமரவைக்கப்பட்டார். தரவுத்தாளில் இவை அனைத்தும் 'ஒதுக்கீடு: ஆம்' என்றே எழுதப்படும். சராசரி விளைவு குறைவு என்றால், அதில் ஒதுக்கீட்டின் குறை எவ்வளவு, ஒதுக்கீட்டை நடக்கவிடாதவர்களின் பங்கு எவ்வளவு என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும்.

மேற்சொன்ன ஆய்வுகள் எதிலும் புதுச்சேரி இல்லை. '16 பெரிய மாநிலங்கள்' என்று வரையறுத்த கணமே ஒன்றியப் பிரதேசம் வெளியே போய்விடுகிறது. ஆக விழிதியூர்ச் சேரியைப் பற்றிய கேள்விக்கு விழிதியூரில்தான் விடை திரட்ட வேண்டும்.

எங்கே தொடங்குவது

எல்லை ஒப்பீட்டைவிட உறுதியான ஒன்று புதுச்சேரிக்குள்ளேயே இருக்கிறது. 2006–2011-இல் 98 கிராமப் பஞ்சாயத்துகளுள் எவை பட்டியல் சாதித் தலைவர்களுக்கு ஒதுக்கப்பட்டன, எவை ஒதுக்கப்படவில்லை என்பது அரசிதழில் உள்ளது. ஒரே அரசு, ஒரே சட்டம், ஒரே காலம். ஆனால் ஒதுக்கப்பட்டவையும் ஒதுக்கப்படாதவையும் அப்படியே ஒப்பிடத்தக்கவை அல்ல. பட்டியல் சாதியினர் செறிந்த ஊர்களுக்கே ஒதுக்கீடு முதலில் போயிருந்தால், அவை தொடக்கத்திலேயே ஏழ்மையானவை. அப்படியானால் வரம்புக்கோட்டுக்கு அருகே இருபுறமும் நிற்கும் பஞ்சாயத்துகளை மட்டும் எடுக்க வேண்டும், டன்னிங்கும் நிலேகணியும் செய்ததுபோல. எண்ணிக்கை சிறியதாகிவிடும், ஆனால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடம் கேட்க வேண்டியவை இவை: 2006-இன் ஒதுக்கீட்டு அறிவிக்கை, அதற்குப் பயன்படுத்திய மக்கள்தொகைப் பட்டியல், 2006 முதல் இன்றுவரை ஆண்டுவாரியாக எடுக்கப்பட்ட பணிகளின் பதிவேடு. பதிவேட்டில் பணி நடந்த தெருவின் பெயர் இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் தந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். எல்லைக்கு அப்பால் இதே பதிவேடுகள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருக்கும். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால், பழைய நாகப்பட்டினம் மாவட்டக் கணக்கில் இருந்த ஊராட்சிகள் இப்போது எந்த மாவட்டத்தின்கீழ் வருகின்றன என்று ஒரு பட்டியலை முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், பாதி வழியில் வரிகள் காணாமற்போகும்.

பதிவேட்டில் இல்லாததை மாணவர்கள்தாம் எழுத வேண்டும். ஒரு நோட்டில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்காலத்திலும், ஒரே மாதத்தில், ஒரே கேள்விகள். தண்ணீர் வந்த மணிநேரம், எரியாத தெருவிளக்குகளின் எண்ணிக்கை, சுடுகாட்டுப் பாதையின் நிலை, வேலை உறுதித் திட்டத்தில் கிடைத்த நாட்கள். ஊர்த்தெருவையும் கட்டாயம் எழுத வேண்டும், இல்லையேல் ஒப்பிட ஒன்றும் இராது. நல்ல செய்தி வந்தாலும் எழுத வேண்டும். நம் வாதத்துக்கு உதவுவதை மட்டும் எழுதிய நோட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

காலம் குறைவு. 2011-க்குப் பின் நடைபெறவுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். அதில் சாதியும் கேட்கப்படும். வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் திரளும் வீட்டு வசதி விவரங்களைச் சாதிவாரியாக, கிராமத்துக்குக் கீழே குடியிருப்பு அளவில் வெளியிட வேண்டும் என்று புதுச்சேரியின் தலித் அமைப்புகள் இப்போதே எழுத்து மூலம் கோர வேண்டும். கணக்கெடுப்பாளர் விழிதியூருக்கு வருமுன் நோட்டின் முதல் சுற்று முடிந்திருந்தால், அவர் எழுதியதையும் நாம் எழுதியதையும் தெருவாரியாகச் சரிபார்க்கலாம்.